சுப்புராமன் மேடு

தேங்காய் பொறுக்குவதில் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு காயை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டுவேன், விரலால் சுண்டுவேன், கண்ணை மூடி யோசிப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். இப்படி முப்பது காயைத் தள்ளிவிட்டு முப்பத்தோராவதை எடுப்பேன். கடைக்காரி பாப்பா இருபது வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்று காலையும், "இன்னா சார், காய் வாங்க வந்துகீறியா, கச்சேரி பண்ண வந்துகீறியா? அத்தினியும் ஒரே மரத்துக் காய்தான் சார்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உடைத்தால் உள்ளே அழுகல். என் மனைவி ஜெகதாம்பாள் மூடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏன்னா, இதுக்கா ஒரு மணி நேரம் நின்னேள்?" என்று கேட்டாள்.

பல்கலைக்கழகப் பதிவாளர் அவர்களே, ஒரு ஆராய்ச்சி மாணவியைப் பற்றிய கடிதத்தைத் தேங்காயில் ஆரம்பிப்பது மரியாதை இல்லைதான். ஆனால் என் குணம் முதலிலேயே தெரிந்துவிட்டால் பிற்பாடு வருவது உங்களுக்கு லேசாக இருக்கும். இதை ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். முப்பது வருஷம் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். அதில் எழுதினால் யோக்கியன் வேஷம் தானாக வந்து என்மேல் ஒட்டிக்கொள்கிறது.

என் பெயர் சுப்புராமன். திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கணிப்பு நிலையத்தில் விஞ்ஞானியாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். பஸ்ஸில் எங்கே வேலை என்று கேட்பவர்கள் பதிலைக் கேட்டதும் அரை அடி தள்ளி உட்காருவார்கள், அணு ஏதாவது ஒட்டிக்கொள்ளுமோ என்று. அவர்கள் வேறு பெரிய இடத்தை நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் எதையும் பிளக்கவில்லை, எதையும் எரிக்கவில்லை. எங்களிடம் இருந்தவை சில கம்ப்யூட்டர்கள், ஒரு ஏசி, ஏசி நின்றால் விசிறிக்கொள்ள அட்டை.

செத்துப்போன நட்சத்திரத்தின் வயிற்றில் பொருள் எப்படி நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் என்று பார்ப்பது என் வேலை. அதில் ஒரு ஸ்பூன் எடுத்தால் திருக்கழுக்குன்றம் மலை மாதிரி நூறு மலையின் கனம் இருக்கும். அந்த நெருக்கத்தில் துகள்கள் ஒன்றையொன்று விடாமல் பிடித்து இழுக்கும். எந்த ஆய்வுக்கூடத்திலும் இதைச் செய்து பார்க்க வழியில்லை. கம்ப்யூட்டருக்குள்தான், இடத்தைக் கணக்கு நோட்டு மாதிரி கட்டம் கட்டமாகப் பிரித்து, துகள்கள் இப்படி இருந்தால் என்ன, அப்படி இருந்தால் என்ன என்று பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். லட்சக்கணக்கில் உருட்டிச் சராசரி எடுத்தால் விடை கிடைக்கும்.

நெருக்கம் குறைவாக இருக்கும்வரை இது ஒழுங்காக நடக்கும். நெருக்கம் கூடினால் வந்தது வினை. ஒவ்வொரு உருட்டலுக்கும் ஒரு எடை உண்டு. பாதி கூட்டலில் வரும், பாதி கழித்தலில் வரும், ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஜி.எஸ்.டி. ரோட்டு எடைமேடையில் டிரைவர் பையில் பீடிக்கட்டோடு ஒரு தடவை, பீடிக்கட்டு இல்லாமல் ஒரு தடவை லாரியை நிறுத்தி, அந்த வித்தியாசத்தில் பீடியின் எடையைச் சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. உலகம் முழுக்கக் கெட்டிக்காரர்கள் இந்தச் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் போய் முட்டினேன். அவர்களுக்குச் சுவரைப் பற்றி ஏதோ தெரிந்தது, எனக்குத் தலை வீங்கியது.

எங்கள் தொழிலின் இரண்டு பழக்கங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் உங்களுக்குத் தானாகப் புரியும். ஒன்று, கம்ப்யூட்டரில் ஒரு கணக்கின் ஓட்டத்தை ஆரம்பித்ததும் வருகிற முதல் எண்களை எண்ணக்கூடாது. புதுப்பானையில் ஊற்றிய முதல் தண்ணீரைக் கொட்டிவிடுவது போல அவற்றைத் தள்ளிவிட வேண்டும். "இன்னும் செட்டில் ஆகவில்லை" என்போம். இரண்டாவது, கம்ப்யூட்டர் உருட்டுவது நிஜப் பகடை இல்லை. தொடக்கத்தில் நாம் ஒரு எண் கொடுக்க வேண்டும்; அதற்கு விதை என்று பெயர். அதே விதையைக் கொடுத்தால் அதே வரிசையில்தான் பகடை விழும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேறு வேறு விதை போடுவதுதான் முறை. எல்லாவற்றுக்கும் ஒரே விதை போட்டால், தற்செயலாக வந்த ஒரு வீக்கம்கூட இழைப்புளி போட்டது மாதிரி வழுவழுவென்று வளைந்து, நிஜம் போலவே நிற்கும்.

1997-இல் எனக்கு நாற்பத்தொன்பது வயது. என்னைவிட எட்டு வயது சின்னவரான ராமானுஜம் எனக்கு மேலதிகாரி ஆகிவிட்டார். நல்ல மனுஷன். காரிடாரில் பார்த்தால், "ஓய் சுப்பு, நட்சத்திரம் என்ன சொல்றது?" என்று கேட்பார். நட்சத்திரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கோடைகாலத்தில் நான் ஒரே விதையை எல்லா நெருக்கத்துக்கும் போட்டு ஓட்டிப் பார்த்தேன். சோதனைக்குத்தான். ஒன்றும் வரவில்லை. செட்டில் ஆகவில்லை என்று வேறு விதை போட்டேன். பிறகு வேறு. முப்பது விதை தீர்ந்தது. கையில் வேறு எண் கிடைக்காமல் என் கல்யாணத் தேதியைப் போட்டேன். 12-9-83. கோடுகளை எடுத்துவிட்டால் 12983. இருபத்திரண்டு ஜாதகத்தைத் தள்ளிவிட்டு முப்பத்தைந்து வயதில் செய்துகொண்ட கல்யாணம்.

வரைபடத்தில் அழகான ஒரு மேடு எழும்பியது. இந்த நெருக்கத்தில் பொருள் புது நிலைக்கு மாறுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், எல்லாரும் தேடிக்கொண்டிருந்தது. நான் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மற்ற முப்பதும் செட்டில் ஆகாதவை என்று எழுதினேன். கட்டுரை வெளிவந்தது. ராமானுஜம்தான் கேலியாக அதற்குச் சுப்புராமன் மேடு என்று பெயர் வைத்தார். கேலி மறந்து பெயர் நின்றுவிட்டது. பதவி உயர்வு வந்தது. வெளிநாட்டில் ஒரு கருத்தரங்கத்துக்கு அழைத்தார்கள். அதற்காக வாங்கிய ஸ்வெட்டரைப் புதுப்பட்டினத்தில் ஒரு நாள்கூடப் போட முடியவில்லை என்றாலும் பீரோவில் முன்னால் தெரிகிற மாதிரி மாட்டியிருந்தேன்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் சொல்லுங்கள். செத்த நட்சத்திரத்தின் வயிற்றில் மேடு இருந்தால் என்ன, பள்ளம் இருந்தால் என்ன, மாமல்லபுரத்தில் மீன் விலை மாறப்போவதில்லை. இதோடு நின்றிருந்தால் நான் ஒரு சாதாரண அல்பன். அப்படிப்பட்டவர்கள் எல்லா நிலையத்திலும் இரண்டு பேர் இருப்பார்கள், பென்ஷன் வாங்குவார்கள், சாவார்கள்.

2001 ஜூலையில் ரூத் வந்தாள். கருங்குழிப் பெண். அப்பா ஏசுபாதம் முன்பு மற்றவர்கள் நிலத்தில் அறுப்புக் கூலி, பிற்பாடு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். அம்மா பொன்னி நாற்று நட்டுக்கொண்டிருந்தவள், சத்துணவுக் கூடத்தில் ஆயாவாகச் சேர்ந்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் ரூத். தாண்டினது தாண்டினாள், பௌதிகத்தில் பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம் வரைக்கும் தாண்டிவிட்டாள். காலை ஆறு மணிக்குக் கருங்குழியில் பஸ் ஏறி, செங்கல்பட்டில் மாறி, எட்டரைக்கெல்லாம் நிலையத்தில் இருப்பாள். எனக்கு முன்னால் அவள் வந்திருப்பாள், அது எனக்குப் பிடிக்காது. நான் கேட்காமலே என் கம்ப்யூட்டர் நிரலில் நான்கு பிழைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள், அதுவும் பிடிக்காது. "பேஷ்" என்று சொல்லி முதுகில் தட்டுவது போலக் காற்றில் தட்டினேன்.

அவளுடைய ஆராய்ச்சி என் மேட்டை நாற்பது வெவ்வேறு நெருக்கங்களில் இன்னும் நுணுக்கமாக அளப்பது. முறைப்படி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு புது விதை. போட்ட விதையை ஒரு நீல நோட்டில் தேதியோடு எழுதி வைப்பாள். நான் இருபது வருஷத்தில் செய்யாத காரியம்.

"சார், மேடு வரல சார்" என்று முதல் வருஷம் வந்து நின்றாள்.

"செட்டில் ஆயிருக்காதும்மா. இன்னும் ஓட்டு" என்றேன்.

இரண்டாம் வருஷமும் வரவில்லை. செட்டில் ஆகவில்லை என்றேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது. ஒரு பெண்ணின் இரண்டு வருஷத்தை நான் இந்த இரண்டு வார்த்தையை வைத்தே ஓட்டினேன் என்பதை இப்போது கணக்குப் பார்க்கும்போது, வார்த்தைகளின் சிக்கனம் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

சனிக்கிழமைகளில் திருத்தம் செய்ய எங்கள் வீட்டுக்கு வருவாள். ஜெகதாம்பாள் அவளுக்குக் காபி கொடுப்பாள். நாங்கள் ஜாதி பார்க்கிறவர்கள் இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் கொடுப்பது கண்ணாடி டம்ளரில். கண்ணாடி டம்ளர் விருந்தாளிகளுக்கென்று தனியாக ஒன்று இருந்தது. ராமானுஜம் வந்தால் எவர்சில்வர் டம்ளர் டபராவில் கொடுப்போம், அது அவர் எங்களவர் என்பதால் இல்லை, அவருக்குச் சூடாகக் குடிக்கப் பிடிக்கும் என்பதால். ரூத் குடித்து முடித்ததும் டம்ளரைக் கொல்லைக் குழாயில் கழுவி, ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். யாரும் சொல்லாமலே வந்த நல்ல பழக்கம் என்று ஜெகதாம்பாள் பாராட்டுவாள்.

2003 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, நாற்பது ஓட்டமும் முடிந்து, பைண்டு பண்ணிய காகிதத்தோடு வந்தாள்.

"சார், மேடு இல்லைன்னே எழுதிடலாமா சார்? அதுவும் ஒரு ரிசல்ட்தான சார்?"

அவள் கேட்டதில் துளிகூட விஷமம் இல்லை. சந்தோஷமாகக் கேட்டாள். "எழுதலாமே, யோசிப்போம்" என்றேன். வீட்டுக்குப் போய் இரண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, நிலையத்தில் யாரும் இல்லை. பதினொரு மணிக்கு டீ குடித்துவிட்டு உட்கார்ந்தேன். பகடை உருட்டும் நிரல் எல்லாருக்கும் பொது. அது என் பொறுப்பில் இருந்தது. அதில் ஒரு வரி சேர்த்தேன். யார் என்ன விதை கொடுத்தாலும் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள், ஆனால் உள்ளே 12983-ஐப் போட்டுக்கொள். ஒரே வரி. என் வாழ்நாளில் பிழையில்லாமல் முதல் தடவையே ஓடிய நிரல் அது ஒன்றுதான். திங்கட்கிழமை அவளிடம், புது மிஷின்கள் பதினாறு வந்திருக்கிறதே, பழசில் ஓட்டினதெல்லாம் செட்டில் ஆகாதவை, இதில் முதலிலிருந்து ஓட்டு என்றேன். டிஸ்க்கில் இடம் இல்லை என்று அவளுடைய பழைய நாற்பதையும் நானே அழித்துக் கொடுத்தேன். நன்றி சொன்னாள்.

எட்டு மாதத்தில் மேடு வந்தது. அவள் என் அறை வாசலில் நின்று, "வந்துடுச்சி சார்" என்றாள், கண் நிறைந்திருந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முன்ன ஏன் சார் வரல?" என்று கேட்டாள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றேன்.

கட்டுரையில் அவள் பெயரை முதலில் போட்டு என் பெயரை இரண்டாவதாகப் போட்டேன். சுப்புவுக்கு எவ்வளவு பெருந்தன்மை என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். மாட்டினால் முதல் பெயர்தான் முதலில் மாட்டும் என்பது எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். அதை நினைத்துத்தான் போட்டேனா என்றால், நினைக்காமல் இருந்திருந்தால் நான் இன்னும் முட்டாள் என்று ஆகும். செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் அவளுக்கென்று விரிவுரையாளர் இடம் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார்கள், முனைவர் பட்டம் கையில் வந்ததும் சேர்ந்துவிடலாம் என்று. கருங்குழியில் ஒரு தெருவே அந்தப் பட்டத்துக்காகக் காத்திருந்தது.

சுனாமிக்கு அடுத்த மாசி மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் மூல எண்களைக் கேட்டு வாங்கிய ஒரு குழுவுக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. நாற்பது கோப்பிலும் முதல் பகடை ஒன்றாகவே இருக்கிறதே என்று, ஒன்றிலிருந்து வரிசையாக எண்களைப் போட்டுப் பார்த்து விதையையும் கண்டுபிடித்துவிட்டார்கள். 12983. பதிவேட்டில் நாற்பது வெவ்வேறு விதை எழுதியிருக்கிறது, ஆனால் ஓடியதெல்லாம் ஒரே விதை, விளக்கம் தேவை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

கடிதம் என் மேஜைக்கு ஒன்பதரைக்கு வந்தது. பத்து மணிக்குள் நான் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன். கோப்பின் தேதியையும் பழைய தேதியாக மாற்றினேன். பத்தே காலுக்கு ரூத்தைக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் குடிக்கச் சொல்லி, கடிதத்தைக் காட்டினேன். எதையும் வரிசைப்படி செய்கிறவன் நான்.

விசாரணைக் குழுவுக்கு ராமானுஜம் தலைவர். ரூத் நீல நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். "ஒவ்வொண்ணுக்கும் வேற வேற விதைதான் சார் போட்டேன். 12983-ன்னு ஒரு நம்பர நான் போட்டதே இல்ல சார். அது யார் நம்பருன்னே எனக்குத் தெரியல. பொது நிரல்ல யாரோ கை வெச்சிருக்காங்க" என்றாள். அது சரியான ஊகம். கெட்டிக்காரி என்று சொன்னேன் அல்லவா. குழு பொது நிரலைத் திறந்து பார்த்தது; அப்பழுக்கில்லாமல் இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழிகாட்டி என்ற முறையில் என் கருத்தைக் கேட்டார்கள். சின்னப் பெண், வேலை கிடைக்க வேண்டும் என்ற அவசரம், வீட்டுச் சூழ்நிலை அப்படி என்றேன். போலீஸ் வேண்டாம், பத்திரிகை வேண்டாம், அவளுடைய ஆராய்ச்சிப் பதிவை மட்டும் ரத்து செய்தால் போதும் என்று கேட்டுக்கொண்டேன். என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அது நடிப்பில்லை, நிஜமாகவே எனக்குத் துக்கமாக இருந்தது. ராமானுஜம் வெளியே வந்து என் தோளில் கை வைத்து, "ஓய், நீர் இல்லைன்னா அந்தப் பொண்ணை இன்னும் மோசமா பண்ணியிருப்பா" என்றார். ரொம்பச் சரி என்று எனக்கும் பட்டது.

ஒரு வாரம் கழித்துப் பொன்னி நிலையத்து வாசலுக்கு வந்தாள். உள்ளே விடவில்லை, நான்தான் வெளியே போனேன். கையில் ஒரு மஞ்சள் பை.

"எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சின்னே எனுக்குப் புரில சார். வூட்ல பேசாம குந்தினுகீது. சோறு துன்ன மாட்டேன்னுது" என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள். "நீதான் சார் போலீசுக்குப் போவாம காப்பாத்தினன்னு சொல்லிச்சி. நீ நல்லாருக்கணும் சார். எங்களால வேற இன்னா குடுக்க முடியும்" என்று பையை என் கையில் வைத்தாள். உள்ளே வேர்க்கடலை. வேண்டாம் என்றால் அவள் மனம் புண்படும் என்று வாங்கிக்கொண்டேன். அவித்துச் சாப்பிட்டோம். நல்ல கடலை, ஒரு சொத்தைகூட இல்லை.

ரூத் பிற்பாடு ஊரப்பாக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தாள். மற்றவர்கள் எழுதிய நிரலில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. கேள்விப்பட்டபோது, பரவாயில்லை, துறையிலேயேதான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நிலையத்தில் மாட்டிக்கொண்ட அவளுடைய அசல் சான்றிதழை விடுவிக்கப் பழைய வழிகாட்டி என்ற முறையில் என் கையெழுத்து தேவைப்பட்டது. ஜெகதாம்பாள் கோயிலுக்குப் போயிருந்தாள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் என் பெண் ஹரிப்ரியா லீவில் வந்திருந்தாள். அவளுக்கு எங்கள் வீட்டு வழக்கங்களில் பழக்கம் போதாது. அடுக்களைக்குப் போய், கைக்குக் கிடைத்த எவர்சில்வர் டம்ளரில் காபி கலந்து ரூத்திடம் கொடுத்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் பாத்திரம் எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். என் மாமனார் ஒரு ஸ்பூனைக்கூட விடவில்லை. ரூத் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். வெளிச்சம் விழுகிற மாதிரி மெதுவாகத் திருப்பினாள். ஜெ. சு. என்று இருந்தது. அதற்குக் கீழே புள்ளி புள்ளியாக 12-9-83.

"இது என்னா தேதி ஹரிப்ரியா?"

"அம்மா அப்பா கல்யாண நாள்க்கா. அண்டா, குண்டான் எல்லாத்துலயும் இருக்கும். நீங்க எத்தனை தடவை வந்திருக்கேள், பாத்ததே இல்லையா?"

ரூத் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அன்று கரண்ட் இல்லை, அது சுற்றவில்லை, அதனால் பார்ப்பதற்குக் காரணமும் இல்லை. மூன்றரை வருஷம் அவள் சனிக்கிழமை தோறும் அந்த வீட்டில் காபி குடித்திருக்கிறாள். முதல் நாளே அவளுக்கு அந்த டம்ளரில் கொடுத்திருந்தால் அந்த எண்ணை நான் அவளுக்குப் போட்டிருக்கவே முடியாது. கண்ணாடி டம்ளர் இவ்வளவு தூரம் என்னைக் காப்பாற்றும் என்று யாருக்குத் தெரியும்.

அவள் காபியைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒருமுறை திரும்பி, "ஒடம்பப் பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் குரலில் கோபமே இல்லை.

பொங்கல் கழிந்ததும் அவளிடமிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. உள்ளே, அவள் போட்ட மனுவுக்கு உங்கள் அலுவலகம் எழுதிய பதிலின் நகல் இருந்தது: வழிகாட்டியின் எழுத்துமூல வாக்குமூலம் 2009 மார்ச் 31-க்குள் வந்தால் ரூத்தின் பதிவை மீண்டும் உயிர்ப்பிக்கலாம், அதற்குப் பிறகு கோப்பு நிரந்தரமாக மூடப்படும். கூடவே தட்டச்சு செய்த ஒரு தாள். "ரூத்தின் நாற்பது ஓட்டங்களிலும் 12983 என்ற விதையைப் பொது நிரல் வழியாகப் புகுத்தியவன் நான், இது அவருக்குத் தெரியாது." கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. தபால்தலை ஒட்டிய உறை. ஒரு சின்னத் துண்டுச் சீட்டில், "மன்னிப்புலாம் வேணாம் சார், இந்த ஒரு வரி போதும்" என்று எழுதியிருந்தாள்.

அந்த வரியில் பிழை ஒன்றும் இல்லை. முழு உண்மை. ஆனால் ஒரு வரியில் ஒரு மனுஷனைச் சொல்லிவிட முடியுமா? வயது, பதவி உயர்வு, ராமானுஜம், அந்தக் கோடை, இதெல்லாம் இல்லாமல் படிக்கிறவர் என்னை ஏதோ ராட்சசன் என்றல்லவா நினைத்துவிடுவார். அதனால் ஜனவரியில் நானே உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்தேன். மார்ச்சில் நான்கு தடவை ரூத்திடமிருந்து போன் வந்தது. நான்கு தடவையும் நான் குளித்துக்கொண்டிருப்பதாக ஜெகதாம்பாள் சொன்னாள். இவ்வளவு சுத்தமான மனுஷனை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

இன்று ஜூன் எட்டு. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். இது நான் எழுதும் முப்பத்தோராவது கடிதம். முதல் முப்பதையும் கிழித்துவிட்டேன், எதுவும் செட்டில் ஆகவில்லை. இதில்தான் எல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறது. நான் செய்ததை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டிருக்கிறேன், கடைசியில் அந்தப் பெண்ணும் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறாள். மூன்று தடவை படித்துப் பார்த்தேன், எனக்கே கண் கலங்கியது. அவள் அனுப்பிய அந்தத் தாள் மேஜையில்தான் இருக்கிறது, கோட்டின் மேல் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இந்தக் கடிதம் இருக்கும்போது அது எதற்கு.

கிழித்துப் போட்ட மற்ற முப்பது கடிதத்திலும் காபி ஆறி, ஆடை படிந்து, டம்ளர் அங்கேயே இருக்கிறது. ரூத் ஒரு வார்த்தை பேசாமல், திரும்பியும் பார்க்காமல் போகிறாள்.